டெத்: அண்ணனும் இரண்டு தம்பிகளும் ஏழு பாட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுபதுகளின் ராக் இசை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் 'டெத்' என்ற இந்தக் குழுவின் பெயரை இழுத்துவிடுவேன். உடனே எதிரில் இருப்பவர் கேட்பது, "இப்படியெல்லாமா பேர் வைப்பாங்க?" என்பதுதான். அதற்கடுத்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பலரிடம் பல தடவை சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இவர்களைக் கேட்காத ஒருவர் இதைப் படித்துவிட்டு ஒரு பாட்டையாவது கேட்டால் அதுவே எனக்குப் போதும்.

டெத் என்பது யார்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரத்துக் குழு. 1971-இல் தொடங்கி 1977-இல் கலைந்தது. மொத்தமே மூன்று பேர், மூவரும் கூடப்பிறந்தவர்கள். கிட்டார் டேவிட் ஹாக்னி. பேஸ் கிட்டாரும் பாட்டும் பாபி ஹாக்னி. டிரம்ஸ் டானிஸ் ஹாக்னி. மூவரில் மூத்தவர் டேவிட். பாட்டு எழுதுவதிலிருந்து குழுவுக்குச் சின்னம் வரைவது வரை யோசனையெல்லாம் அவருடையதுதான்.

1975-இல் ஒரு ஸ்டூடியோவில் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் இரண்டு மட்டும் அடுத்த வருடம் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்ட ஒரு சின்ன இசைத்தட்டாக வந்தன. மற்றவை 2009 வரை வெளியே வரவில்லை. முப்பத்து நான்கு வருடம்!

ஃப்ளோரிடாவின் 'டெத் மெட்டல்' குழுவா?

இல்லை. அது எண்பதுகளில் தொடங்கிய வேறு குழு, வேறு இசை. பெயர் மட்டும் ஒன்று. இணையத்தில் தேடும்போது டெட்ராய்ட் என்றும் சேர்த்துத் தேடுங்கள்.

முதலில் இவர்கள் ஃபங்க் குழுவாமே?

ஆமாம். ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட பெயரே 'ராக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ்'. பெயரிலேயே ராக்கும் ஃபங்க்கும் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுக்குப் பேர்போன மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் பிறந்த ஊர் டெட்ராய்ட். அந்த ஊரின் கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த பையன்கள் கையில் இசைக்கருவி கிடைத்தால் ஃபங்க்தான் வாசிப்பார்கள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஆட வைக்கும் தாளம் அது.

அந்தத் தாளத்திலிருந்து இவர்களைப் பிடுங்கி எறிந்தவை இரண்டு. டேவிட்டை 'த ஹூ' என்ற ஆங்கிலேய ராக் குழு பிடித்துக்கொண்டது. டானிஸை ஆலிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ராக் பாடகரின் மேடை நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. அதன் பிறகு டேவிட் திரும்பிப் பார்க்கவில்லை. 'த ஹூ'வின் பீட் டவுன்ஷெண்ட் மாதிரி கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) அடிக்க வேண்டும், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி தனி வாசிப்பு வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட பாடத்திட்டம்.

ஆனாலும் ஃபங்க் முழுவதும் போய்விடவில்லை. பாபியின் பேஸைக் காதைத் தீட்டிக் கேளுங்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் விரல் தாளத்துக்குள்ளேயே புரளும், நெளியும். அதே வேகத்தில் வாசித்த மற்றக் குழுக்கள் பலவற்றில் பேஸ், கிட்டாருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பேஸ்தான் பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது.

வீட்டில் இசைப் பின்னணி உண்டா?

அப்பா மதபோதகர். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதல்முறையாக எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியபோது பிள்ளைகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். மறுநாள் ஒரு சந்தில் யாரோ தூக்கிப் போட்டிருந்த கிட்டார் ஒன்று டேவிட் கண்ணில் பட்டது. அதை எடுத்து வந்து தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. ஒருவர் வேண்டாமென்று எறிந்த கிட்டாரில்தான் எல்லாம் தொடங்கியது.

வீட்டின் ஓர் அறையைக் காலி செய்து அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் சொல்லியும் அம்மா பிள்ளைகளை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீடும் அந்த அம்மாவும் இல்லையென்றால் இந்தக் குழுவே இல்லை.

'மரணம்' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அந்த இழப்பு டேவிட்டை உள்ளுக்குள் மாற்றியது. சாவைப் பார்த்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், ஆனால் பிறந்தவர் அனைவரும் போய்ச் சேரும் இடம் அது, அதைக் கெட்டதாக மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று அவர் யோசித்தார். அந்தச் சொல்லிலிருந்து அச்சத்தை எடுத்துவிட்டு நல்ல பொருளில் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பக்தி நிறைந்தவர். பேயும் பிசாசும் மண்டையோடும் இந்தப் பெயரில் கிடையாது. ஒரு மகன் தன் அப்பாவின் சாவோடு சமாதானம் செய்துகொண்ட விதமாகவே எனக்கு இது படுகிறது.

அவர் வரைந்த சின்னமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு முக்கோணம், அதன் மூன்று முனைகளிலும் வட்டங்கள். ஆன்மா, மனம், உடல் என்று மூன்று. அவற்றுக்கு வெளியே தனியாக இன்னொரு வட்டம். அது வழிகாட்டும் கடவுள்.

தம்பிகள் இருவரும் முதலில் திகைத்துத்தான் போனார்கள். இந்தப் பெயரை யாரிடமும் விற்பது கடினமாக இருந்தது என்று பாபியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாவு என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொன்னாலே பெரியவர்கள் அதட்டும் சூழலில் வளர்ந்த நமக்கு அந்தத் திகைப்பு நன்றாகவே புரியும்.

பாட்டுகளை எங்கே பதிவு செய்தார்கள்?

டெட்ராய்ட்டின் யுனைடெட் சவுண்ட் சிஸ்டம்ஸ் ஸ்டூடியோவில். சாதாரண இடமில்லை அது. 1948-இல் ஜான் லீ ஹூக்கர் தன் முதல் வெற்றிப் பாட்டைப் பதிவு செய்தது அங்கேதான். ஜார்ஜ் கிளிண்டனின் ஃபங்க் கூட்டமும் எழுபதுகளில் அங்கே பதிவு செய்திருக்கிறது. டெட்ராய்ட் இசைக்கு அது கோயில் மாதிரி.

அங்கே இவர்களைக் கொண்டு சேர்த்தது 'குரூவ்ஸ்வில்' என்ற தயாரிப்பு நிறுவனம். தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கத்தைச் சுவரில் மாட்டி, டேவிட் ஈட்டி முள்ளை எறிந்தாராம், அது குத்திய பெயர் குரூவ்ஸ்வில்லாம். சகோதரர்கள் சொல்லும் கதை இது. அந்த நிறுவனத்தின் முதலாளி டான் டேவிஸ். சோல் என்ற கறுப்பின இசையில் பெரிய தயாரிப்பாளர். ஜானி டெய்லரின் 'டிஸ்கோ லேடி' என்ற பெருவெற்றிப் பாட்டு 1976-இல் அவர் கையிலிருந்து வந்ததுதான்.

சோலும் டிஸ்கோவும் தயாரிக்கும் இடத்துக்கு மூன்று கறுப்பினப் பையன்கள் போய், யாரும் கேட்டிராத வேகத்தில் ராக் வாசித்துக் காட்டினார்கள். அந்த நிறுவனத்தில் பிரையன் ஸ்பியர்ஸ் என்பவருக்கு இவர்கள் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. அவர்தான் கடைசி வரை இவர்களுக்காக நின்றவர். பன்னிரண்டு பாட்டு பதிவு செய்வதாகத் திட்டம். முடிந்தது ஏழு.

ஏழோடு ஏன் நின்றது?

பெயரால்தான்.

பதிவுகளைப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பெயர் வேண்டாம் என்றே பலரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் உண்மையான ஆர்வம் காட்டினார். அமெரிக்க இசைத்துறையின் பெரும்புள்ளியான கிளைவ் டேவிஸ். சகோதரர்கள் சொல்வதன்படி, பெயரை மாற்றிக்கொண்டால் ஒப்பந்தம் தயார் என்பது அவர் நிபந்தனை.

இந்த இடத்தில் அந்த மூன்று பேரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயது இருபதை ஒட்டி. கையில் காசில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து கார் தொழிற்சாலைகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஊர் டெட்ராய்ட். 1967 கலவரத்தில் 43 பேர் இறந்த காயம் ஆறவில்லை. மோடவுன் நிறுவனமே 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஊரைவிட்டு எல்லாம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரே ஒரு கதவு இவர்களுக்காகத் திறந்தது.

டேவிட் முடியாது என்று சொல்லிவிட்டார்.

தம்பிகளுக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அண்ணன் சொன்னார்: பெயரை விட்டுக்கொடுத்தால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும். அதற்கு மேல் அவர்கள் வாதாடவில்லை. கிளைவ் டேவிஸ் விலகிக்கொண்டார். பணம் நின்றது, பதிவும் நின்றது. ஏழு பாட்டுகளின் மூலநாடாக்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

டேவிட் செய்தது சரியா?

இந்தக் கேள்விக்கு நான் பல வருடம் "சரி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

பெயர் டேவிட்டுடைய துயரத்திலிருந்து வந்தது. அதை ஒரு கம்பெனிக்காக மாற்றச் சொல்வது இறந்த அப்பாவை மாற்றிக்கொள்ளச் சொல்வது மாதிரிதான் அவருக்கு இருந்திருக்கும். அவர் அளவில் அது சரி. ஆனால் விலை கொடுத்தது மூன்று பேர். பாபிக்கும் டானிஸுக்கும் அந்த முடிவில் மனம் ஒட்டவில்லை. ஒட்டாமலே கூட நின்றார்கள். அண்ணனின் பிடிவாதத்தை எல்லோரும் பேசுகிறார்கள், படம்கூட எடுத்துவிட்டார்கள். தம்பிகளின் அந்த நிற்பைப் பற்றி யாராவது இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்பது என் ஆசை. தனக்குச் சரியென்று படாததை அண்ணனுக்காக ஏற்றுக்கொண்டு, அதற்காகப் பிறகு அவரை ஒரு சொல் குறை சொல்லாமல் வாழ்வது சின்ன காரியமில்லை.

பெயர்தான் ஒரே காரணமா? நிறம் காரணமில்லையா?

நிறமும் காரணம்தான். அன்றைய அமெரிக்க வானொலி நிலையங்கள் கிட்டத்தட்ட நிறம் பார்த்தே பாட்டைப் பிரித்திருந்தன. ராக் போடும் நிலையங்கள் வெள்ளையருக்கு. சோல், ஃபங்க், வரப்போகும் டிஸ்கோ எல்லாம் கறுப்பினத்தவர் நிலையங்களில். ஹாக்னி சகோதரர்களின் பாட்டு இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. சொந்தக் குடியிருப்பில் வாசித்தாலும் "எர்த், விண்ட் அண்ட் ஃபயர் பாட்டு வாசிங்கப்பா" என்று அன்றைய ஃபங்க் குழுவின் பாட்டைத்தான் கேட்டார்கள். வெள்ளைக்காரர்களின் இசையை ஏன் வாசிக்கிறீர்கள் என்ற கேள்வியும் வந்தது.

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் வலிக்கும். சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், போ டிட்லி என்று ராக் அண்ட் ரோலுக்கு அடித்தளம் போட்டவர்கள் யார்? கறுப்பின இசைக்கலைஞர்கள். இருபதே வருடத்தில் அந்த இசை வேறொருவர் சொத்தாகி, அதை வாசிக்கும் கறுப்பினப் பையன்கள் அந்நியர்களாகத் தெரிந்தார்கள். டெட்ராய்ட்டிலேயே 'பிளாக் மெர்டா' என்ற கறுப்பின ராக் குழுவும் எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு ஆல்பத்தோடு நின்றுபோனது.

அந்த 500 பிரதிகள் என்ன ஆயின?

1976-இல் 'ட்ரையாங்கிள்' என்று தங்கள் வெளியீட்டுக்குத் தாங்களே ஒரு நிறுவனப் பெயர் வைத்து, நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் தட்டு ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் 'பாலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்'. மறுபக்கம் 'கீப் ஆன் நாக்கிங்'. கையில் இருந்த பணத்துக்கு 500தான் அச்சிட முடிந்தது. வானொலி நிலையங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டிஸ்கோ அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். பெரிதாக யாரும் போடவில்லை. தட்டுகள் அங்கங்கே சிதறிப் போயின.

முப்பது வருடம் கழித்து அதே தட்டு சேகரிப்பாளர்களிடையே நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறியது.

குழு எப்படிக் கலைந்தது?

சண்டையில்லை. களைத்துப்போனார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த உறவினர் ஒருவர் கூப்பிட, கொஞ்ச நாள் ஊரைவிட்டு இருக்கலாம் என்று பர்லிங்டன் என்ற ஊருக்குப் போனார்கள். பனியும் மலையும் ஏரியுமாக இருக்கும் சின்ன ஊர். டெட்ராய்ட்டுக்கு நேர்மாறு. கொஞ்ச நாள் என்று போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அங்கே 'த ஃபோர்த் மூவ்மென்ட்' என்று பெயரை மாற்றிக்கொண்டு பக்தி ராக் வாசித்தார்கள். கிளைவ் டேவிஸுக்காக மாற்றாத பெயரை டேவிட் இப்போது தானாகவே கீழே வைத்தார். 1980-இலும் 1982-இலும் இரண்டு ஆல்பம் வந்தன. பிறகு டேவிட் டெட்ராய்ட்டுக்கே திரும்பிவிட்டார். தம்பிகள் வெர்மான்ட்டில் வேரூன்றி, 'லாம்ப்ஸ்பிரெட்' என்ற ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசை) குழுவைத் தொடங்கி இன்னொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியில் நன்கு அறியப்பட்ட ரெகே குழு அது.

டேவிட்டுக்கு என்ன ஆயிற்று?

2000-இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். தன் பாட்டுகளை உலகம் கேட்டதை அவர் பார்க்கவில்லை.

சாவதற்குச் சில காலம் முன்பு அந்த மூலநாடாக்களைப் பாபியிடம் கொடுத்து வைத்திருந்தார். உலகம் ஒருநாள் இவற்றைத் தேடி வரும், அன்றைக்கு இவை உன்னிடம் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பாபி அதை முழுக்க நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கிப் போடவில்லை. வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்தார். அண்ணன் கொடுத்தது, அவ்வளவுதான்.

பிறகு எப்படி வெளிச்சத்துக்கு வந்தது?

இரண்டு வழியாக, ஏறத்தாழ ஒரே நேரத்தில்.

முதலில், பழைய தட்டுகளைத் தேடி அலைகிறவர்கள் கையில் அந்த 500-இல் சில சிக்கின. இந்த ஆட்கள் யார், 1976-இல் எப்படி இப்படி வாசித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு, பாட்டை டிஜிட்டலாக மாற்றி இணையத்தில் பரப்பினார்கள்.

இரண்டாவது வழிதான் என்னால் மறக்க முடியாதது. பாபியின் மகன் ஜூலியன் 2008-இல் கலிஃபோர்னியாவில் இருந்தார். அங்கே ஒரு கொண்டாட்டத்தில் யாரோ ஒரு பழைய ராக் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். பாடும் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறது. இன்னும் கவனித்தால், அது அப்பாவின் குரல்! ரெகே பாடும் அப்பாவைத்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். டெத் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தோற்றுப்போனது என்று மூடி வைத்த பெட்டியை யார் திறந்து பிள்ளைகளிடம் காட்டுவார்கள்? மகன் கேட்ட பிறகுதான் தம்பிகள் வாய் திறந்தார்கள்.

பாபியின் பிள்ளைகள் ஜூலியன், யூரியன், பாபி ஜூனியர் ஆகியோர் உடனே ஒரு குழுவைச் சேர்த்து அப்பா, பெரியப்பாக்களின் பாட்டுகளை மேடையில் வாசிக்கத் தொடங்கினார்கள். குழுவுக்கு வைத்த பெயர் 'ரஃப் ஃபிரான்சிஸ்'. டேவிட் பிற்காலத்தில் தனியாகப் பாட்டுப் பதிவு செய்யும்போது தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இதையெல்லாம் பார்க்காமலே போன பெரியப்பாவுக்கு அவர்கள் செய்த மரியாதை.

பரணிலிருந்து நாடாக்கள் இறங்கின. 2009 பிப்ரவரியில் சிகாகோவின் 'டிராக் சிட்டி' நிறுவனம் ஏழு பாட்டையும் 'ஃபார் த ஹோல் வேர்ல்ட் டு சீ' என்ற ஆல்பமாக வெளியிட்டது. உறையில் பெரிதாக அதே பெயர்: டெத். அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. 2012-இல் 'எ பேண்ட் கால்டு டெத்' என்ற ஆவணப்படமும் வந்தது.

இவர்கள்தான் உலகின் முதல் பங்க் குழுவா?

பங்க் என்பது ஃபங்க் இல்லை, எழுபதுகளில் பரவிய வேகமான, முரட்டு ராக். அதில் இவர்கள்தான் முதல் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இவர்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தால்தான் சொல்ல மாட்டேன்.

டெட்ராய்ட் வட்டாரத்திலேயே எம்சி5, ஸ்டூஜஸ் என்ற குழுக்கள் 1969-இலேயே முரட்டு ராக் ஆல்பங்களை வெளியிட்டுவிட்டன. நியூயார்க்கில் ரமோன்ஸ் என்ற பங்க் குழு 1974-இலிருந்து மேடையேறிக்கொண்டிருந்தது. ஆனால் ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது 1976 ஏப்ரலில். லண்டனின் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் முதல் கச்சேரி செய்தது 1975 நவம்பரில். டெத் ஸ்டூடியோவில் இந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தது அதற்கெல்லாம் முன்பு. நியூயார்க்கில் என்ன நடக்கிறது என்று இவர்கள் பார்த்துச் செய்யவில்லை. பங்க் என்ற சொல்லையே தங்கள் இசைக்கு இவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. தாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றுதான் நினைத்தார்கள்.

யார் முதல் என்ற பந்தயத்தில் இவர்களை நிறுத்தினால் பாட்டைக் கேட்க மறந்துவிடுவோம். தேதி பார்த்து மதிப்பெண் போடத் தேவையில்லாத அளவுக்கு நல்ல பாட்டுகள் இவை.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

'பாலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்'. யோசிக்கவே வேண்டாம்.

கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. கிட்டாரும் பேஸும் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அறைந்துகொண்டே போக, டானிஸின் டிரம்ஸ் மூச்சுவிடாமல் உருளும். அதன் மேல் பாபி பாடுவது பாட்டு என்பதைவிட அதட்டல். வியட்நாம் போர் முடிந்தும் முடியாத காலம். தாங்கள் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், உன்னையும் என்னையும் பற்றி அவர்களுக்கு என்ன கவலை என்று அரசியல்வாதிகளைப் பார்த்துக் கேட்கிற பாட்டு. இன்றைக்கு எந்த ஊரில் கேட்டாலும் பொருந்தும். நடுவில் ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கி, கிட்டார் எங்கோ தூரத்தில் எதிரொலிக்கிற மாதிரி ஓர் இடம் வரும். சாதாரண பங்க் பாட்டில் அப்படி ஓர் இடம் இருக்காது. மறுபடி முதல் வேகத்துக்கு அவர்கள் திரும்பும் கணத்துக்காகவே நான் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முடிந்தால் நல்ல ஹெட்ஃபோனில், சத்தமாக.

அடுத்து 'ஃப்ரீக்கின் அவுட்', 'யூ ஆர் எ ப்ரிஸனர்', 'ராக் அண்ட் ரோல் விக்டிம்'. மூன்றும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 'லெட் த வேர்ல்ட் டர்ன்'. மெல்ல, மிதப்பதுபோலத் தொடங்கி, சட்டென்று வேகமெடுத்து, நடுவில் டிரம்ஸின் தனியாவர்த்தனம் வரை போகும். கவனமாகக் கேட்டால் டேவிட் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது இந்தப் பாட்டில் கொஞ்சம் பிடிபடும். மொத்த ஆல்பமும் அரை மணி நேரத்துக்குக் குறைவு.

குழு மறுபடி மேடை ஏறியதா?

2009-இல் ஏறியது. லாம்ப்ஸ்பிரெட்டில் கூட வாசித்த பாபி டங்கன் கிட்டாரை எடுத்துக்கொண்டார். வேறொருவர் அண்ணன் இடத்தில் நிற்பதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்பவர்களுக்கு: வருடக்கணக்கில் கூடவே வாசித்த நண்பர் அவர், வாசிப்பதும் டேவிட்டின் பாட்டுகளைத்தான். 2015-இல் 'நியூ' என்ற புதிய ஆல்பமும் வந்தது. அது பரவாயில்லை ரகம். 1975-இன் சூடு அதில் இருக்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது.

டேவிட்டின் குரலைக் கேட்க முடியுமா?

முடியும். முக்கிய ஆல்பத்தில் பாடுவது பாபி என்பதால் டேவிட்டைக் கிட்டாராக மட்டும்தான் பலருக்குத் தெரியும். வீட்டில் பதிவு செய்த ஆரம்பகால ஒத்திகைகள் 2011-இல் 'ஸ்பிரிச்சுவல் மென்டல் பிசிக்கல்' என்று வந்தன. முக்கோணத்தின் அந்த மூன்று முனைகள்தான் தலைப்பு. பிறகு 2014-இல் 'டெத் 3' என்ற தொகுப்பு வந்தது. 1975-இலிருந்து 1992 வரை வெவ்வேறு சமயங்களில் பதிவானவை அதில் இருக்கின்றன. பெரும்பாலோர் அதைத் தவறவிடுகிறார்கள். தவறவிடாதீர்கள். முதல் தடத்தில் பாட்டு கிடையாது, டேவிட் பேசுகிறார். இடையில் 'ஃபர்ஸ்ட் ஸ்னோஃபால் இன் டெட்ராய்ட்' என்று ஒன்று வரும், டெட்ராய்ட்டின் முதல் பனி. கடைசித் தடம் 1992-இல் பதிவானது, அவர் இறப்பதற்கு எட்டு வருடம் முன்பு. கேட்க ஆளில்லை, ஒப்பந்தம் எதுவும் வரவில்லை. அந்தப் பாட்டுக்கு வைத்திருக்கும் தலைப்பு 'வீ ஆர் கானா மேக் இட்'. நாம் ஜெயித்துவிடுவோம்.